'எந்த ஊர்?' என்று கேட்கக்கூடாத இடம்

"…முகம் இல்லாததாலைதான் ஐயா அதோடை இவ்வளவு காலமும் கதைச்சனான். உங்களுக்கு முகம் இருக்கு. அதுவும் எங்கடை ஒழுங்கை முனைச் சங்கக்கடையிலை நான் கிழமைக்கு ரெண்டு தரம் காணுற முகம்" என்று சொல்லிக்கொண்டே அவர் வாங்கிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

'அது' என்று அவர் சொன்னது, கைத்தொலைபேசியில் எழுதிக் கேட்டால் எழுதிப் பதில் சொல்லும் ஒரு மெசினை. செயற்கை நுண்ணறிவு என்று படித்தவர்கள் சொல்வார்கள். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்த நீட்டு மரவாங்கு எங்கள் ஆஸ்பத்திரியின் பதினோராம் அறைக்கு முன்னால், சைக்கிள் நிறுத்தும் கொட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பதினோராம் அறை என்றால் பாலியல் நோய்களுக்கும் எச்.ஐ.வி.க்குமான கிளினிக். அவர் அங்கே வந்தது இரத்தம் சோதிக்க. சோதிக்காமலே திரும்பிப் போக எழும்பியது, நான் கேட்ட ஒரே ஒரு கேள்வியால். அந்தக் கிளினிக்கில் பதின்மூன்று வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன், கேட்கவே கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

அவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இதை எழுதச் சொன்னவர்கள் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் தாதிமார். "எழுதித் தாங்கோ அண்ணை. கதைக்க விட்டால் நீங்கள் நிப்பாட்டமாட்டியள், எழுதினால் கை உளையும்போது நிப்பாட்டுவியள்" என்றார்கள். வாங்கில் இருந்தவரிடமும் பிறகு சம்மதம் கேட்டேன். "என்ரை தொழிலையும் ஒழுங்கையையும் மாத்தி எழுதுங்கோ, பயத்தை மட்டும் மாத்தாதேங்கோ" என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் சிற்றூழியனாகச் சேர்ந்து நோயாளர் வண்டில் தள்ளினேன், தரை துடைத்தேன், கோப்புச் சுமந்தேன். மற்றப் படிப்பெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசுகளையும் சனத்தின் வாயையும் வாசித்துப் படித்தது. போர் முடிந்து சனமெல்லாம் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த காலத்தில், தகரக் கூரை போட்ட ஓர் அறையில் இந்தக் கிளினிக்கைத் தொடங்கினார்கள். அங்கே வேலை செய்ய ஆள் கேட்டபோது ஒருவரும் கை உயர்த்தவில்லை. நானும்தான் உயர்த்தவில்லை. "நீர் வாரும். நீர் நல்லாக் கதைக்கிறீர் எண்டு வார்ட்டிலை முறைப்பாடு இருக்கு" என்று கூட்டிப் போனவர் எங்கள் டொக்டர் அம்மா.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஆள் சின்னன். குரலும் சின்னன். மேசையில் ஒரு பேனை, மூடி போட்டபடி கிடக்கும். உள்ளே வருகிறவருக்கு முதலில் கதிரையைக் காட்டுவார். பிறகு தானே போத்தலிலிருந்து தண்ணீர் வார்த்து வைப்பார். பிறகு "சொல்லுங்கோ" என்பார். அவ்வளவுதான். வந்தவர் காலநிலை கதைப்பார், வயலுக்குத் தண்ணீர் வராத கதை கதைப்பார், இருமுவார். அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார். விசயம் வெளியே வந்து, வந்தவர் மூச்சு விட்டு, தண்ணீரில் ஒரு மிடறு குடித்த பிறகுதான் பேனையை எடுப்பார். ஒருநாள் நேரம் போகிறதே என்று நான் பேனையைத் திறந்து அவர் கையருகில் வைத்தேன். அன்று பின்னேரம் சொன்னார்: "பேனையின்ரை மூடி திறந்தால் சனம் வாயை மூடும். உமக்குத் தெரியாததே? இஞ்சை எழுதின ஆக்கள் எல்லாரும் என்னத்துக்கு எழுதினவை எண்டு?"

எனக்குத் தெரியும். எங்கள் சனத்தை எழுதாத கை இல்லை. முகாமில் எழுதினார்கள், சோதனைச் சாவடியில் எழுதினார்கள், நிவாரணத்துக்கு எழுதினார்கள், காணாமல் போனவர்களுக்காகப் பத்துத் தரம் எழுதினார்கள். பெயர், ஊர், வீட்டில் எத்தனை பேர். அதனால் பதினோராம் அறையில் பெயர் கேட்பதில்லை. வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு மட்டை. அதில் ஒரு இலக்கமும் அடுத்து வரவேண்டிய திகதியும் மட்டும் இருக்கும். கோப்புக்குப் பெயர் தேவை என்றால் வந்தவர் சொல்வதுதான் பெயர். ராசா என்றால் ராசா. ஒருவர் தன் மச்சானின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து அந்த மச்சானே வந்து இவருடைய பெயரைக் கொடுத்தார். டொக்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டையும் எழுதினார்.

அறைக்கு முதலில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. மேலிடத்துக் கட்டளை. அதில் எழுத்துக் கீறியவர் நல்ல மனுசன். சந்தைக்குப் போகிறவர்களும் வாசிக்கட்டும் என்று நோயின் பெயரை ஆளுயரத்துக்கு எழுதிவிட்டார். அடுத்த கிளினிக் நாளில் வந்தது ஒரு ஆடு மட்டும். அம்மா அன்றே பலகையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் '11' என்று என்னைக் கொண்டு கீறுவித்தார். இன்றும் அந்தப் பலகைதான். என் கையெழுத்துத்தான்.

ஆனால் அம்மாவின் சட்டங்களில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது வேறொன்று. "இந்த அறைக்குள்ளை கண்ட ஆளை வெளியிலை கண்டால், நீர் காணேல்லை. அவர் சிரிச்சால் நீர் சிரியும். அவர் பாக்காட்டில் நீர் மரத்தைப் பாரும்."

மற்ற ஊர்களில் இது ஒரு விசயமே இல்லை. எங்களிடம், தெரிந்தவரை ரோட்டில் கண்டு கதைக்காமல் போவது ஒரு பிழை. "கண்டும் காணாத மாதிரிப் போறான், காசு வந்திட்டுது போலை" என்பார்கள். நான் சைக்கிளில் போனால் பத்து இடத்தில் கால் ஊன்றுகிறவன். பல்லைக் கடித்துக்கொண்டு பழகினேன். பழகினேன் என்று நினைத்தேன்.

சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு அக்கா. கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கடையால்தான் வளர்த்தார். அவருக்குக் கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி போடவேண்டும். போட்டால் நோய் முற்றாக மாறும். இரண்டு போட்டாகிவிட்டது. மூன்றாவதுக்கு வரவில்லை. நான் வீட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில் அவரைக் கண்டேன். எனக்கு உண்மையாகவே சந்தோசம். வாய் முந்திவிட்டது: "என்னக்கா, மூண்டாவது ஊசிக்கு வரேல்லை?"

பக்கத்துக் கடைக்காரி எலுமிச்சங்காய் எண்ணிக்கொண்டிருந்தவ, எண்ணுவதை நிறுத்தினா. அவ்வளவுதான் நடந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. கத்தரிக்காயை நிறுத்துப் பையில் போட்டு, "எழுவது ரூவா" என்றா. அடுத்த கிழமை போனபோது அந்த இடத்தில் வேறு ஆள் தேங்காய் விற்றுக்கொண்டிருந்தார்.

நானே போய் டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. அந்த அக்காவின் இலக்கத்தை ஒரு சின்னத் தாளில் எழுதி, நான் மட்டை எழுதும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். "வந்தாவெண்டால் எடுத்துவிடும்" என்றார். நான் ஓய்வுபெற்ற நாளில் அந்தத் தாளை நானேதான் எடுத்தேன். அந்த அக்கா வரவேயில்லை. வேறெங்காவது, வவுனியாவிலோ அங்காலையோ, அந்த ஊசியைப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ள மட்டும்தான் எனக்கு உரிமை இருக்கிறது.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடற்றொழிலாளி ஒருதரம் சொன்னார்: "ஐயா, வருத்தத்துக்கு மருந்து உங்களிட்டை இருக்கு. வெட்கத்துக்கு மருந்து ஊரிட்டை இருக்கு. ஊர் அதைத் தராது." எங்கள் கிளினிக்கின் முழுப் பாடமும் அந்த மூன்று வசனத்துக்குள் இருக்கிறது. அதே மனுசன் பிறகொருநாள் ஒரு கலியாண வீட்டில், பந்தியில் எனக்குப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டார். நான் வாழையிலையைப் பார்த்தபடி இருந்தேன். அவருக்கோ பதற்றம். வலியத் திரும்பி, பந்தி முழுக்கக் கேட்கக்கூடியதாக, "ஐயாவை நான் முன்னைப்பின்னைக் கண்டதே இல்லையே! ஆர் ஐயா நீங்கள்?" என்றார். எதிரே இருந்தவர் உடனே, "ஏன் அண்ணை, காணாத ஆளை ஏன் இப்பிடிச் சத்தம் போட்டுக் காணேல்லை எண்டுறியள்?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் பாயாசம் முடியும் வரை நிமிரவில்லை.

சரி, மெசினுக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெற்று மூன்றாவது வருடம், இப்போதிருக்கும் டொக்டர் தம்பி வீட்டுக்கு ஆள் அனுப்பினார். வவுனியாவில் சில பிள்ளைகள் ஒரு மெசின் செய்கிறார்களாம். பாலியல் சுகம், எச்.ஐ.வி., ஆணுறை, பரிசோதனை என்று என்ன கேட்டாலும் தமிழில் பதில் சொல்லுமாம். ஆனால் பரீட்சித்துப் பார்க்கக் கொடுத்த சனம் அதோடு கதைக்கமாட்டன் என்கிறதாம். "நீங்கள் வந்து அதின்ரை கதையைக் கேட்டுப் பாருங்கோ அண்ணை" என்றார்.

கௌசி என்ற பிள்ளை மடிக்கணினியோடு வந்திருந்தாள். அரிப்பை எங்கள் சனம் சொல்வதுபோலவே நான் ஒரு விரலால் எழுதினேன்: 'எனக்குக் கீழை கடிக்குது.' மெசின் பதில் சொன்னது: 'தாங்கள் அண்மைக்காலத்தில் பாதுகாப்பற்ற உடலுறவில் ஈடுபட்டுள்ளீர்களா?'

"பிள்ளை, இது நீதிமன்றத்திலை வேலை செய்த மெசினோ?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அங்கிள், நாங்கள் மூண்டு மாசம் இருந்து செய்தது" என்றாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து கிழமையில் இரண்டு நாள் அவளோடு இருந்தேன். சனம் எப்படிச் சொல்லும் என்று நான் சொல்ல, அவள் மெசினுக்குச் சொல்லிக் கொடுத்தாள். 'வெளியிலை போனனான்' என்றால் என்ன, 'பிழை விட்டிட்டன்' என்றால் என்ன, 'ஒரு கூட்டாளிக்குக் கேக்கிறன்' என்று ஒருவர் தொடங்கினால் அந்தக் கூட்டாளி யார். "பாதிப்பேர் கூட்டாளிக்குத்தான் கேப்பினம். கூட்டாளிக்கே பதிலைச் சொல்லட்டும், நீயோ எண்டு கேக்கப்படாது" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

இந்தப் பெருமிதத்தில்தான் என் பிழையை விட்டேன். "பிள்ளை, எங்கடை சனத்தோடை எடுத்த எடுப்பிலை விசயத்துக்குப் போகப்படாது. முதல் 'எந்த ஊர்?' எண்டு கேக்கவேணும். ஊரைக் கேட்டால்தான் எங்களுக்குக் கதை தொடங்கும். நான் இன்ன இடம் எண்டால், ஓ அங்கை இன்னார் இருக்கிறாரே எண்டு ஒரு ஒட்டு வரும்" என்றேன்.

"கிட்ட இருக்கிற கிளினிக்கையும் சொல்லலாம்" என்று கௌசிக்கும் அது பிடித்துப் போயிற்று. மெசினின் முதல் வசனமாக வைத்தோம்: 'வணக்கம். நீங்கள் எந்த ஊர்?'

தொலைபேசியைக் காட்டினால் மெசினிடம் கூட்டிப் போகும் சதுரக்கோட்டுப் படத்தை, கியூ.ஆர். என்பார்கள், கடதாசியில் அடித்து ஒட்டினோம். பஸ் நிலையச் சுவரில் ஒட்டியதை ஒரு குருவியும் பார்க்கவில்லை. மலசலகூடக் கதவின் உள்பக்கத்தில், தாழ்ப்பாளுக்கு மேலே ஒட்டியது மட்டும் வேலை செய்தது. சனம் வந்தது. வந்து, முதல் வசனத்தோடே திரும்பிப் போனது. எத்தனை பேர் கதைக்கிறார்கள் என்று கௌசியின் திரையில் காட்டும் கோடு, மதகுக்கு அங்கால் தண்ணீர் விழுவதுபோல் விழுந்தது. நின்று பதில் சொன்ன சிலரின் பதில்களை வாசித்தேன். 'லண்டன்' என்று ஒருவர். 'நீ ஆர் கேக்க?' என்று ஒருவர். 'சந்திரன்' என்று ஒருவர். ஊரோ ஆளோ தெரியாது. பிறகு ஒரு பதில்: 'ஏன், பதியப் போறியோ?'

நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். பதின்மூன்று வருடம் பெயர் எழுதாத மட்டையை என் கையாலேயே கொடுத்தவன், முகமில்லாத ஒன்றின் வாயில் சாவடிக் கேள்வியை வைத்துவிட்டேன். எங்களுக்குள் அன்பாகக் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் பயந்து வந்திருக்கிறவனுக்கு அது நெஞ்சுக்கு நேரே நீட்டிய துவக்கு.

"எடு பிள்ளை, அதை எடு" என்றேன்.

"அப்ப முதலிலை என்ன கேக்கிறது அங்கிள்?"

"ஒண்டும் கேக்காதை. 'சொல்லுங்கோ' எண்டு மட்டும் போடு."

அதன் பிறகு சனம் கதைத்தது. என்ன கதை! நுளம்பு கடித்தால் வருமோ? சலூன் பிளேட்டால் வருமோ? கோயில் அன்னதானத்தில் ஒரே வாளியால் பரிமாறினதைச் சாப்பிட்டால் வருமோ? மனிசி கர்ப்பமாக இருக்கும்போது சேரலாமோ, அதை அவவிடம் எப்படிக் கேட்பது? ஆண் ஒருவரை விரும்புகிற ஆண், தன் வாழ்நாளில் முதல் தரமாக அதை எழுதியிருந்தார். எழுதிவிட்டு, 'பதில் தேவையில்லை, சொல்லிப் பாத்தனான்' என்று முடித்திருந்தார். ஒரு அம்மா கேட்டா: 'உனக்கு அலுப்பு வராதோ பிள்ளை?' மெசின், 'இல்லை அம்மா, கேளுங்கோ' என்றது. எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அலுப்பு வந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

சனம் கட்டாயம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: 'இதை ஆர் வாசிக்கினம்?' முதலில் மெசின், 'உங்கள் தகவல் பாதுகாப்பானது' என்றது. ஒருவரும் நம்பவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லே எங்களுக்குப் பயம். பிறகு உள்ளதை உள்ளபடி சொல்ல வைத்தோம்: 'என்னைத் திருத்துறதுக்காக ரெண்டு பேர் வாசிக்கினம். உங்கடை பேரோ நம்பரோ அவைக்குத் தெரியாது. விருப்பமில்லையெண்டால் அழிச்சுவிடலாம்.' உண்மையைச் சொன்ன பிறகு அழித்தவர்கள் குறைவு. அந்த இரண்டு பேர் கௌசியும் நானும்.

அப்படி வாசித்த ஒருவரை எனக்குள் 'பாய்க்காரர்' என்று சொல்லிக்கொள்வேன். அவர் எழுதியது இது: அறுவடைக்கு நெல் வெட்டும் மெசினோடு வேறு மாவட்டம் போன இடத்தில், கூட்டாளிகளோடு குடித்துவிட்டு ஒரு பெண்ணிடம் போயிருக்கிறார். ஒரே ஒருநாள். வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகிறது. 'அண்டையிலை இருந்து பாயைத் தனியப் போட்டிருக்கிறன். முதுகு நோ எண்டு சொல்லியிருக்கிறன். மனிசிக்கு வந்திடுமெண்டு பயம்.' மனிசி முதலில் எண்ணெய் போட்டுத் தடவியிருக்கிறா. பிறகு பேசாமல் இருந்திருக்கிறா. பிறகு கேட்டிருக்கிறா: 'வேறை ஆள் இருந்தால் சொல்லுங்கோ. நான் பிள்ளையளோடை அம்மா வீட்டை போறன்.'

எனக்கு இருக்கோ என்று அவர் மெசினிடம் கேட்டார். இரண்டு மாதமாக அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார். காய்ச்சல் வந்தது, அதுவோ? மெலிந்திட்டன், அதுவோ? மெசின் ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பதுபோல் சொன்னது: 'எனக்குத் தெரியாது அண்ணா. பாத்துச் சொல்ல என்னாலை ஏலாது. மூண்டு மாசம் கடந்தபடியால் ஒரு ரத்தப் பரிசோதனை வடிவாச் சொல்லும். இருந்தாலும் மருந்து இருக்கு. ஒழுங்காக் குடிச்சு ரத்தத்திலை கிருமி தெரியாத அளவுக்குக் குறைஞ்சால் உங்கடை மனிசிக்கும் தொற்றாது. பதினோராம் அறையிலை பேர் கேக்கமாட்டினம்.' அவர் எழுதினார்: 'ஒருக்கா இல்லை எண்டு சொல்லன்.' மெசின் சொல்லவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால், இரக்கத்தில், "உங்களுக்கு ஒண்டும் இராது" என்று சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை.

கடைசியாக எழுதியிருந்தது: 'ரெண்டு கிழமை வாசல் வரைக்கும் வந்தனான். ஏறேல்லை.'

கௌசி அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், மெசினை ஏற்றுக்கொண்டிட்டினம். கிளினிக்கை ஏற்றுக்கொள்ள என்ன செய்யிறது?" என்றாள். பதில் தெரியாமல்தான் நான் கிளினிக் நாட்களில் அந்த வாங்கில் போய் இருக்கத் தொடங்கினேன். சும்மா இருந்தேன். யாராவது வாசலில் தயங்கி நின்றால் அறைப்பக்கம் கையைக் காட்டுவேன்.

அந்த நாள் காலையில், நாற்பது வயது இருக்கும், தோய்த்து மினுக்கிய சேட்டுப் போட்ட ஒருவர் வந்து வாங்கின் மற்ற நுனியில் இருந்தார். கையில் கைத்தொலைபேசி, திரையில் எங்கள் மெசினின் 'சொல்லுங்கோ'. அறையைப் பார்ப்பதும் தொலைபேசியைப் பார்ப்பதுமாக இருந்தார். கால் நடுங்கியது. வாங்கும் சேர்ந்து நடுங்கியது. எனக்கு அவர் யாரென்று தெரியாது. ஒருவர் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. வாய் தன் பழக்கத்தில் திறந்துவிட்டது.

"தம்பி எந்த ஊர்?"

அவர் ஒருகணம் என்னைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். "சங்கக்கடைக்கு வாற ஐயாவெல்லே" என்றார். "நான் போறன். நான் இஞ்சை வந்தது பிழை."

"தம்பி, இருங்கோ. நான் கேட்டது பிழை. அந்த ரெலிபோனோடை கதைச்ச மாதிரி என்னோடையும்…"

அப்போதுதான் அவர் அந்த வசனத்தைச் சொன்னார். முகம் இல்லாததால்தான் அதோடு கதைத்ததாக. எனக்கு முகம் இருப்பதாக.

சரியாகத்தானே சொன்னார். முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் வாங்கில் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சைக்கிள் கொட்டிலைப் பார்த்தபடி இருந்தேன். அவர் போகும் சத்தத்தை எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாங்கு அமர்ந்தது.

"என்ன ஐயா, கோவமோ?"

"இல்லைத் தம்பி. முகத்தைத் திருப்பி வைச்சிருக்கிறன். இனிச் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ. சொல்லாட்டிலும் சரி, சைக்கிளைப் பாக்கிறன். அந்தச் சிவப்புச் சைக்கிளுக்கு முன் சில்லிலை காத்தில்லை."

அவர் சிரித்தாரா அழுதாரா தெரியாது. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு என் முதுகுக்குச் சொன்னார். அறுவடைக்குப் போனது, குடித்தது, பாயைத் தனியப் போட்டது. பாய் என்றதும் எனக்கு முதுகு விறைத்தது. அது அவருக்குத் தெரிந்துவிட்டது போலும்.

"ரெண்டு பேர் வாசிக்கினம் எண்டு அது சொன்னது," என்றார் மெதுவாக. "அதிலை ஒராள் நீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது இலகு. ஆனால் அந்த மெசின் இரண்டு மாதமாக அவருக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"ஓம் தம்பி."

உள்ளே தாதிப்பிள்ளை இலக்கம் கூப்பிடுவது கேட்டது.

"அப்ப ரெண்டு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"கதை தெரியும். ஆள் தெரியாது. சங்கக்கடையிலை எனக்குப் பக்கத்திலை நிண்டு நீங்கள் சீனி வாங்கியிருப்பியள், எனக்குத் தெரியாது."

"வாங்கினனான். மனிசியும் வந்தவ. நீங்கள் அவவுக்கு வழி விட்டனீங்கள். அவ இண்டைக்குப் பெட்டி அடுக்கிறா, ஐயா. பத்தரை பஸ்ஸிலை தாய் வீட்டை போறாவாம். பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்துக்கும் சொல்லியாச்சு."

மணி பார்த்தேன். பத்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆயிரம் புத்தி சொல்ல வாய் உன்னியது. பல்லைக் கடித்தேன். சைக்கிளைப் பார்த்தேன்.

முதுகுக்குப் பின்னால் தொலைபேசியில் விரல் படும் சத்தம் கேட்டது. மெசினிடம் இன்னொரு தரம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் எழுதும் சத்தம் இல்லை. மற்றப்பக்கம் மணி அடிக்கும் சத்தம்.

"இஞ்சாரும்… ஓம், நான்தான். இல்லை, வயலிலை இல்லை. ஆஸ்பத்திரியிலை நிக்கிறன். பதினோராம் அறை." அந்தப் பக்கம் அவ ஏதோ கேட்டிருக்கவேண்டும். "ஓம், அந்த அறைதான். முதுகு நோ இல்லை. வேறை ஆளும் இல்லை. பயம்தான். இரத்தம் குடுத்திட்டு வந்து எல்லாம் சொல்லுறன். பிறகு போறதெண்டால் போம், நானே கொண்டுபோய் விடுறன். கேட்டிட்டுப் போம்."

வைத்துவிட்டார். எழும்பினார். போகும்போது என் தோளில் அவர் கை ஒருதரம் பட்டது. நான் திரும்பவில்லை. பதினோராம் அறைக்கு இரண்டு படி. படியடியில் அவர் செருப்பைக் கழற்றி, சோடி சேர்த்து வைத்துவிட்டு ஏறும் சத்தம் கேட்டது.